குல்சாரி நீட்டிய சாவி

கரஜ்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் உடம்பு எப்படி என்று விசாரிப்பதற்கு முன்பே, "நீங்க எதுல போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. எல்லோரும் தெஹ்ரானுக்குத்தான் போகிறோம். தூங்க ஓர் ஊர், சம்பாதிக்க ஓர் ஊர், இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஆயுளைத் தின்பதற்கு ஒரு நெடுஞ்சாலையும் ஒரு ரயில் பாதையும். ரயிலில் போகிறவர்கள் காரில் போகிறவர்களைப் பைத்தியம் என்பார்கள். காரில் போகிறவர்கள் ரயிலில் போகிறவர்களைப் பாவம் என்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவள், ஆகையால் இரண்டு பேரும் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும்.

எஸ்பந்தியார் குல்சாரி கார் கட்சிக்குத் தலைவர் மாதிரி. தெஹ்ரானின் ஹசனாபாத் சதுக்கத்தில் ரம்பம், ஸ்பானர், துளைபோடும் இயந்திரம் எல்லாம் விற்கிற கடையில் வேலை. குட்டையான மனிதர், சட்டைக் காலர் எப்போதும் கஞ்சி போட்டது போல நிற்கும். அவருடைய சாம்பல் நிற பெஜோ கார் பழையதுதான், ஆனால் ஒரு கீறல் இருக்காது. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை முழுக்க அதைத் துடைப்பார். அவர் மனைவி எஃபத் ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் என்னிடம் சொன்னாள்: "என்னை அந்த அளவுக்குத் துடைச்சிருந்தா நானும் இன்னும் பளபளன்னு இருந்திருப்பேன்."

பல வருடங்களுக்கு முன் பனி கொட்டிய ஒரு காலையில் ரயில் வரவில்லை. நான் சாலையோரம் விறைத்துப்போய் நின்றேன். பெஜோ வந்து நின்றது. "ஏறுங்க கானும்" என்றார். பெண்களுக்குக் கானும், ஆண்களுக்கு ஜனாப், அது எங்கள் மரியாதை. "பரவாயில்ல ஜனாப், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். "ஏறுங்க" என்றார். "வேண்டாம், நீங்க போங்க" என்றேன். மூன்றாவது தடவையும் சொன்னார், ஏறிவிட்டேன். எங்கள் ஊரில் முதல் இரண்டு தடவை மரியாதைக்காகச் சொல்வது; மூன்றாவதும் சொன்னால்தான் மனதாரச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று ஏறியவள்தான், அப்புறம் இறங்கவேயில்லை. முன் இருக்கையில் ஹூஷங் என்று ஒரு வங்கிக்காரர். பின்னால் நான். கடைசியாக வந்து சேர்ந்தவள் ஸமீன், தையல் வகுப்பு நடத்துகிற சின்னப்பெண். பெட்ரோலுக்கென்று யார் என்ன நீட்டினாலும் குல்சாரி கையைத் தட்டிவிடுவார். நாங்கள் தேநீர், பாலாடைக்கட்டி, சூடான சங்கக் ரொட்டி என்று ஏதாவது கொண்டுபோவோம். காருக்குள் காலைச் சாப்பாடு, காருக்குள் செய்தி, காருக்குள் சண்டை.

சண்டை எப்போதும் ஒன்றுதான். "ரயில்ல காலை வச்சீங்கன்னா உங்க விலா எலும்பு உங்களோடது இல்ல, பொதுச்சொத்து" என்பார் குல்சாரி. சிட்கர் பக்கம் வண்டிகள் அசையாமல் நிற்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் விர்ரென்று போகும். நான் சும்மா இருக்க மாட்டேன். "அந்தப் பொதுச்சொத்தெல்லாம் நமக்கு முன்னாடி போய் டீ குடிச்சுடும் ஜனாப்" என்பேன். "போகட்டும். நின்னுக்கிட்டே போய் நின்னுக்கிட்டே குடிக்கட்டும். நாம உக்காந்துக்கிட்டு குடிக்கிறோமில்ல?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார் என்று எழுதுகிறேன். அதை அவர் எப்போது நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. இலையுதிர் காலம் தொடங்கியபோது, அவர் ஓட்டும்போது தலையை முழுக்க வலப்பக்கம் திருப்புவதைக் கவனித்தேன். எங்கள் நாட்டுக் கார்களில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்க இருக்கை. கண்ணை மட்டும் ஓட்டினால் போதும் என்கிற இடத்தில்கூடக் கழுத்தையே திருப்பினார். வலப்பக்கம் நான் நீட்டிய தேநீரை இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாங்கினார். ஒருநாள் ஓரமாகப் போன சைக்கிள்காரன் காரின் கூரையை ஓங்கித் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். "எங்கேருந்து முளைச்சான் இவன்?" என்றார் குல்சாரி. அவன் வெகுநேரமாக எங்கள் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான். நான் பார்த்தேன். ஹூஷங்கும் பார்த்தார். இரண்டு பேரும் ரொட்டியை மென்றோம்.

இன்னொன்றும் இருந்தது, அப்போது எனக்கு அது எரிச்சலாக மட்டும்தான் பட்டது. எங்களிடம் யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால், "பிஷ்கேஷ், எடுத்துக்கங்க" என்று அதையே நீட்டுவது மரியாதை. அதை எடுத்துக்கொள்ளாமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. எல்லோரும் சொல்வதுதான், வாயோடு போய்விடும். குல்சாரிக்கோ அந்த வருடம் அது ஒரு வியாதியாகவே பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போடுகிறவன் "வண்டிய நல்லா வச்சிருக்கீங்க" என்றால் சாவியை உருவி அவன் முன் நீட்டி, "பிஷ்கேஷ், கொண்டு போ" என்பார். டயர் கடைக்காரனிடம் நீட்டினார். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளியிடம் நீட்டினார். அவர்கள் நெஞ்சில் கைவைத்து, "உங்களுக்கே இருக்கட்டும், உங்களுக்கே அழகு" என்று தள்ளிவிடுவார்கள். 'இவ்வளவு நாடகம் எதுக்கு மனுஷா, சீக்கிரம் கிளப்பு' என்று நான் மனதுக்குள் கரித்துக்கொட்டுவேன்.

குளிர் தொடங்கியதும் ஹூஷங் நின்றுவிட்டார். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டாராம், ரயிலடி வரை நடந்துபோகிறாராம். ஹூஷங் குளிர்சாதனப் பெட்டி வரை நடப்பதற்கே யோசிக்கிற ஆள். ரொட்டிக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்த டாக்டர்?"

"இதய டாக்டர்."

"உங்களுக்கு இதயம் எப்போ வந்துச்சு?"

அவர் வரிசையில் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஃபரங்கீஸ் கானும், நீங்களும் பார்த்துட்டுத்தானே இருக்கீங்க. அந்த மனுஷனுக்கு வலப்பக்கம் தெரியல. நான் உக்காந்திருக்கறதே தெரியல சில நேரம்."

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் அவர் உப்பைத் தின்னுருக்கேன். அவர் வண்டியில உக்காந்துக்கிட்டு, அவரோட சேர்ந்து டீ குடிச்சுக்கிட்டு, ஐயா உமக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லவா? நீங்க சொல்லுங்களேன். உங்க நாக்கைப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே."

என் நாக்கு அப்படித்தான். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். பதில் பேச முடியாமல் வாயைத் திறந்தபடி கிடக்கிறவர்களிடம் பேசிப் பேசியே வளர்ந்த நாக்கு. விவாகரத்து வாங்கியவள் வேறு, ஆகவே நான் எதையும் பேசிவிடுவேன் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. ஆனாலும் குல்சாரியிடம் எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

"ஜனாப், இந்த வாரம் முழுக்க ரயில்ல போய்ப் பார்ப்போமா? ஒரு மாறுதலுக்கு."

"என் வண்டி உங்களுக்கு அலுத்துப் போச்சா கானும்?"

"ஐயோ, அப்படியில்ல. உங்களுக்கு ஓய்வா இருக்குமேன்னு."

"உங்கள மாதிரி பெரிய மனுஷங்களக் கூட்டிக்கிட்டுப் போறதுதான் எனக்கு ஓய்வு."

இதற்கு மேல் என்ன சொல்வது? இந்த மரியாதை என்கிற சுவரில் எங்கே முட்டினாலும் பஞ்சு மாதிரி உள்வாங்கும், உடையாது.

நானும் ஹூஷங் போல ஏதாவது பொய் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போயிருக்கலாம். ஸமீன்தான் என்னைக் கட்டிப்போட்டாள். பல வருடம் காத்திருந்து உண்டானவள், ஏழு மாதம். ரயிலில் ஏறிப் பார்த்தாள். பெண்கள் பெட்டியில் யாரோ முழங்கையால் வயிற்றில் இடித்துவிட, அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கூட்டத்தில் போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குல்சாரியின் பின் இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவாள். அவரை அமூ, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒருநாள் ஜாடையாக, "அமூ கொஞ்சம் அஜாக்கிரதையா ஓட்டுறாரோ?" என்றேன். "எங்க சித்தப்பா ஓட்டுற மாதிரி, நிம்மதியா இருக்கும்" என்றாள். நான் போய்விட்டால் அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு அவர் காரில் தனியாகத் தூங்கிக்கொண்டு போவாள்.

ஆகவே ஹூஷங் காலி செய்த முன் இருக்கைக்கு நான் போனேன். அவருடைய வலப்பக்கம் என் பக்கம் ஆனது.

எனக்கு நானே ஒரு வேலை கண்டுபிடித்துக்கொண்டேன். "வலதுல வண்டி" என்று சொன்னால் அவமானம். அழகைப் பற்றிப் பேசினால் அவமானமில்லை. "அடடா, வலப்பக்கம் அந்த லாரியப் பாருங்க, என்ன நீலம்." "இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் வருது பாருங்க, புதுசு போல." "இந்த மோட்டார் சைக்கிள்காரன் போட்டிருக்கிற கம்பளித் தொப்பி எவ்வளவு நல்லா இருக்கு." ஒவ்வொரு தடவையும், "ஆமா ஆமா, அழகு" என்பார். வண்டி மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கும். நான் மூச்சு விடுவேன். கரஜிலிருந்து தெஹ்ரான் வரை வாய் மூடாமல் ரசித்துக்கொண்டு போனேன். வேலைக்குப் போய்ச் சேரும்போது குரல் கம்மிப்போயிருக்கும், முதுகு நனைந்திருக்கும். வாழ்க்கையில் நான் அவ்வளவு லாரிகளைப் புகழ்ந்ததில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை. மழை தூறிக்கொண்டிருந்தது, அதன் மேல் எங்கள் ஊர்ப் புகை வேறு. கண்ணாடியைத் துடைப்பான் தேய்க்கத் தேய்க்க மறுபடி மங்கியது. வீட்டு வாசலிலேயே அவர் பின்பக்கமாக எடுத்தபோது குப்பைத் தொட்டியை உரசப் பார்த்தார். "இந்தத் தொட்டிக்கு நல்லா பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றேன். நிறுத்தினார். பின்னால் ஸமீன் கோட்டைப் போர்த்திக்கொண்டு வயிற்றின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். நாலு வரிசையில் போக வேண்டிய வண்டிகள் ஆறு வரிசையில் போய்க்கொண்டிருந்தன. எல்லா வண்டியின் சிவப்பு விளக்கும் மழையில் கரைந்து ஒன்றாகத் தெரிந்தது. நான் புகழ ஆரம்பித்தேன். டேங்கர் லாரி அழகு. பள்ளிக்கூட வேன் அழகு. ஆப்பிள் ஏற்றிய சிறு லாரி, அந்த ஆப்பிளின் சிவப்பு. அவர் "ஆமா ஆமா" என்றுகூடச் சொல்லவில்லை, உதட்டை மடித்துக்கொண்டு ஓட்டினார். காருக்குள் என் குரலும் துடைப்பானின் சத்தமும் மட்டும்தான்.

கர்ம்தரேவுக்குப் பிரியும் வெளிச்சாலைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குத் தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல். அந்த நேரத்தில்தான் அவர் வலப்பக்க வரிசைக்கு மாறினார்.

கண்ணைத் திறந்தபோது என் ஜன்னலை ஒட்டி ஒரு மனிதனின் முழங்கால் இருந்தது. மோட்டார் சைக்கிள்காரன். பின்னால் அட்டைப்பெட்டிகள். அவன் வாய் திறந்திருந்தது, கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அழகாக எதையாவது சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. "வலது" என்று அலறினேன். குல்சாரி இடப்பக்கம் ஒடித்தார். பக்கக் கண்ணாடி அவன் கைப்பிடியில் பட்டு உடைந்து பறந்தது. இடப்பக்கம் பேருந்து ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்களை உரசினாற்போலப் போனது. பெஜோ இரண்டு தடவை ஆடியது, பிறகு எப்படியோ ஓரத்து மண்ணில் ஏறி நின்றது. பின்னாலிருந்து ஸமீன், "என்ன, என்ன ஆச்சு" என்று கேட்டாள். நான் பின் இருக்கைக்கு எட்டி அவள் வயிற்றின் மேல் கையை வைத்தேன். அவள் கையும் அங்கேதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உதைக்குது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள்காரன் விழவில்லை, அது கடவுளின் தயவு. அவனும் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு வந்தான். அட்டைப்பெட்டி ஒன்று சாலையில் நசுங்கிக் கிடந்தது, உள்ளே என்னவோ கண்ணாடிச் சாமான். குல்சாரி இறங்கி நின்றார். நாங்களும் இறங்கினோம்.

"கண்ணு தெரியாதா உனக்கு?" என்றான் அவன்.

அது ஒரு சாதாரண வசவு. தெஹ்ரான் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரைக் கேட்கிறார்கள். குல்சாரியே கேட்டிருக்கிறார். ஆனால் அன்று அந்தக் கேள்வி வந்ததும் குல்சாரியும் நானும் தரையைப் பார்த்தோம். குல்சாரி நெஞ்சில் கைவைத்து, "மன்னிச்சுக்கப்பா, என் தப்புதான். பெட்டிக்கு உண்டானத நான் குடுத்துடறேன்" என்றார். அவன் இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தவன். ஸமீனின் வயிற்றைப் பார்த்தான், விழுங்கிக்கொண்டான். "பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு இப்படியா ஓட்டுவீங்க" என்று முணுமுணுத்துவிட்டு, எதுவும் வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மழை பெய்துகொண்டிருந்தது. குல்சாரி கைக்குட்டையை எடுத்து, கண்ணாடி உடைந்துபோன அந்த இடத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. கதவில் நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது, அத்தனை வருடத்தில் முதல் கோடு. அதையும் துடைத்தார். பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டுவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல நின்றார். ஓட்டத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வேறு என்ன செய்வார்? நாங்கள் ஏறத்தான் போகிறோம். வேறு என்ன செய்வோம்?

ஸமீனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஒன்னும் ஆகல அமூ. ஒரு கண்ணாடிதானே. உங்க வண்டி இன்னும் புதுசு மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அவர் வாய் தானாகப் பேசியது. "பிஷ்கேஷ். எடுத்துக்கம்மா" என்று சாவியை நீட்டினார்.

ஸமீன் நெஞ்சில் கையை வைத்தாள். உங்களுக்கே அழகு என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளை முந்திக்கொண்டு போய் அவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

"ஏத்துக்கிட்டேன் ஜனாப்," என்றேன். "உங்க கைக்கு நோவு வராம இருக்கட்டும்." எங்கள் ஊரில் நன்றி சொல்வது இப்படித்தான்.

ஒரு விருந்தில் வீட்டுக்காரர் 'எல்லாம் உங்களோடதுதான்' என்று சொன்னதும் விருந்தாளி எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஸமீன் முகம் காதுவரை சிவந்துபோனது. "கானும்," என்றாள், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

குல்சாரி தன் காலிக் கையைப் பார்த்தார். "நான் ஒரு தடவைதான் சொன்னேன்," என்றார்.

"ஒரு தடவை போதும் எனக்கு. நான் மரியாதை தெரியாதவ."

என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது, கல்யாணத்தைப் போலவே அதிகம் பயன்படவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். என்ஜின் கிளம்பி அணைந்தது, மறுபடி கிளம்பி அணைந்தது. லாரிகள் ஒவ்வொன்றும் காரை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போயின. குல்சாரி என் இருக்கையில், வலப்பக்கம், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கோபமா, அழுகையா, தெரியவில்லை. மூன்றாவது தடவையும் அணைந்தபோது, "கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஓரத்தை ஒட்டியே நகர்ந்து, கர்ம்தரே வெளிச்சாலையில் இறங்கி, ரயிலடிக்கு முன்னால் போய் நிறுத்தினேன். அவ்வளவு சிறிய தூரத்தை நான் அவ்வளவு நேரம் ஓட்டியதே பெரிய சாதனை. "இங்கேருந்து ரயில்ல போறோம்" என்றேன். என் குரல் யாரோ போலீஸ்காரர் குரல் மாதிரி இருந்தது.

படிக்கட்டில் அவர் தயங்கினார். அன்னிய ஆணின் கையை நான் எப்படிப் பிடிப்பது? தோள்பையின் வாரை அவர் பக்கம் நீட்டினேன். "இத கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? ரொம்ப பாரம்." உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பாவும் சீப்பும்தான் இருந்தன. அவர் வாரைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பெண்கள் பெட்டிக்குப் போகவில்லை, மூவரும் பொதுப்பெட்டியில் ஏறினோம். ஸமீனுக்கு நான் இடம் கேட்டு வாங்கினேன். கேட்டேன் என்றால் அதட்டினேன், மாணவன் ஒருவன் துள்ளி எழுந்தான். அவளுக்கு முன்னால் இருபுறமும் கையை ஊன்றிக்கொண்டு முழங்கை ஒன்றும் அண்டாமல் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை அசையாமல் கிடந்தது. குல்சாரி கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இவ்வளவு வேகமாவா போகுது இது," என்றார், யாரிடமும் இல்லை.

தெஹ்ரான் நிலையத்தில் விடைபெறாமல் போய்விட்டார். எங்கள் ஊரில் விடைபெறுவதற்கே கால்மணி நேரம் ஆகும். ஒரு சொல்கூட இல்லாமல் போனது, என்னை அறைந்தது போல இருந்தது.

மறுநாள் என் தம்பி போய் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டான். ஹூஷங்கிடம் சாவியைக் கொடுத்தனுப்பினேன். சாவி திரும்பி வந்தது. "குடுத்த பொருளைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லையாம்" என்று ஹூஷங் எங்கோ பார்த்தபடி சொன்னார். நானே போனேன். எஃபத் கதவைப் பாதி திறந்து, அவர் தூங்குகிறார் என்றாள். உள்ளே தொலைக்காட்சியும் அவர் இருமலும் கேட்டன.

ஊர் சும்மா இருக்குமா? வாழாவெட்டி ஒருத்தி நல்ல மனுஷனின் காரைப் பிடுங்கிக்கொண்டாள் என்று மூன்று தெருவுக்குப் பரவிவிட்டது. நான் சாயங்காலம் ஒருவர் வீட்டுக்குப் போனேன். "வீடு உங்களோடது, உக்காருங்க" என்று சொல்ல வந்த அம்மாள் பாதியில் நிறுத்தி, "உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள். ரொட்டிக்காரரிடம், "இன்னைக்கு நல்லா முறுகலா இருக்கு" என்றேன். வழக்கமாக, "பிஷ்கேஷ், காசு எதுக்கு" என்கிறவர், அன்று அவசர அவசரமாக விலையைச் சொன்னார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். பழி எனக்குப் பழக்கம். அந்த மனிதரின் காலைத் தேநீர் இல்லாமல் போனதுதான் வலித்தது.

காரை நான் தொடவில்லை. தூசி படியும்போது துடைத்து மட்டும் வைத்தேன், எல்லோரும் தூங்கும் வெள்ளிக்கிழமை காலையில். ஸமீனும் நானும் ரயிலில் போனோம். கூட்டத்துக்குள் அவளைக் கொண்டுபோவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டேன். என் நாக்கு கடைசியில் உருப்படியாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது. பிறகு அவள் விடுப்பில் போனாள். நல்லபடியாகப் பெண் பிறந்தது.

குழந்தை பிறந்த வாரம், கரஜ் ரயிலடியில், தூண் ஒன்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குல்சாரி நின்றிருந்தார். காலர் அதே மாதிரி நின்றது. அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்றேன்.

"வணக்கம் ஜனாப்."

"ஃபரங்கீஸ் கானும்," என்றார். "தலையத் திருப்பாம உங்களப் பார்க்க முடியுது. நல்ல பக்கமா வந்து நிக்கிறீங்க."

பிறகு அவராகவே சொன்னார், விலைப்பட்டியல் படிப்பது போல. கறுப்புத்தண்ணி நோய், கிளாக்கோமா. வலது கண்ணில் ஓரம் முழுக்கப் போய்விட்டது. இடதிலும் தொடங்கியிருக்கிறது. இனிச் சொட்டு மருந்துதான், போனது வராது.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன்னாடியே."

"வசந்தத்துலயே தெரியுமா? தெரிஞ்சும் அந்தப் பொண்ண ஏத்திக்கிட்டு ஓட்டுனீங்களா?"

"ஓட்டுனேன்." அவர் தலை குனியவில்லை. "நிறுத்தணும்னு தெனமும் நெனைப்பேன். காலையில நீங்கல்லாம் ரொட்டியோட வந்து நிப்பீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எஃபத்கிட்டயும் சொல்லல. யாராவது என் கையிலேருந்து அதப் பிடுங்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு. பெட்ரோல் போடறவன்கிட்ட சாவிய நீட்டினேன். டயர் கடைக்காரன்கிட்ட நீட்டினேன். காவலாளிகிட்ட நீட்டினேன். ஹூஷங்கிட்டயே ரெண்டு தடவை நீட்டினேன். ஒருத்தரும் வாங்கல." அவர் கசப்பாகச் சிரித்தார். "எல்லாரும் ரொம்ப மரியாதையானவங்க."

நெஞ்சில் கைவைத்து நின்ற அந்த டயர் கடைக்காரனின் முகம் கண்முன் வந்தது. அப்போது பின்னால் உட்கார்ந்து கரித்துக்கொட்டிய என் முகமும்.

"அப்போ நான் லாரி லாரியா புகழ்ந்துக்கிட்டு வந்தது?"

"அது இல்லன்னா குளிர் வந்தப்புறம் ஒரு நாள்கூட ஓட்டியிருக்க மாட்டேன். எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு அதான் எனக்குக் கணக்கு. நீங்க தும்மினப்போதான் கணக்கு தப்பிடுச்சு." காலரைச் சரிசெய்துகொண்டே, "வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு இருந்தது கோபத்துல இல்ல கானும். வெட்கத்துல," என்றார்.

சாவி என் பையில்தான் இருந்தது, தினமும் எடுத்துக்கொண்டுதான் போனேன். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பிஷ்கேஷ்" என்றார். நான் மறுத்தேன். "பிஷ்கேஷ்" என்றார். மறுபடி மறுத்தேன். மூன்றாவது தடவையும் சொன்னார், கண் கலங்கச் சொன்னார். நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தூரத்தில் ரயில் தெரிந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. அவரும் அதோடு சேர்ந்து நகர்ந்தார், வலப்பக்கமாக, தண்டவாளம் இருந்த பக்கமாக. நான் பையின் வாரை அவர் கைப்பக்கம் நீட்டினேன்.

"ஜனாப், வலப்பக்கம் தரையில ஒரு மஞ்சக்கோடு போட்டிருக்காங்க பாருங்க, என்ன அழகு."

அவர் அப்படியே நின்றார். கை தடவி வந்து வாரைப் பிடித்துக்கொண்டது.

"ஆமா," என்றார். "ரொம்ப அழகு."